மூடுபனிக்குள் விதை வறுப்பது

ஹற்றன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். கொழும்பில் வாங்கிய இந்தியத் தயாரிப்பு மசாலா விதைப் பொட்டலம் ஒன்று அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பூசணி விதை, சூரியகாந்தி விதை, வத்தகப்பழ விதைப் பருப்பு, ஆளி விதை எல்லாம் கலந்து, புளிப்பும் உறைப்புமாக இருந்ததாம். விலையை யோசித்து வீட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார். கறிக்கு வெட்டிய பூசணிக்காயின் விதைகளைக் கழுவி, ஒரு நாள் காயவைத்து, எண்ணெயும் மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி வறுத்தார். மிளகாய் கருகிக் கசந்தது. தூளெல்லாம் போத்தலின் அடியில் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் நாள் விதை நமத்துத் தோல்போல ஆகிவிட்டது. எங்கே பிழைத்தது என்பது முதற்கேள்வி. இது உண்மையிலேயே உடம்புக்கு நல்லதா, இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவு என்று மருத்துவர் சொன்ன தனக்கு இதைத் தேநீர் வேளைச் சிற்றுண்டியாக வைத்துக்கொள்ளலாமா என்பது அடுத்தது.

தங்கச்சி, நான் சமையற்காரன் அல்லன். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் சொன்னால் ஸ்டோரில், 31 வருடம் வேலை செய்தவன்; அதில் பெரும்பகுதி தேயிலையை உலர்த்தும் ட்ரையருக்கு முன்னால் நின்றே கழிந்தது. ஓய்வு பெற்றபின் மகள் வீட்டோடு பண்டாரவளையில் இருக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டாமல் தொடங்கிய விதை வறுப்பு, இப்போது கோவில் திருவிழாக்களுக்கும் பக்கத்துக் கடைகள் இரண்டுக்கும் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. உங்கள் கதையைப் படித்தவுடன் எனக்கு அடுப்படி நினைவுக்கு வரவில்லை, பழைய ட்ரையர்தான் நினைவுக்கு வந்தது.

கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்க விட்டபின் அது ட்ரையருக்கு வரும்போது பாதிக்கு மேல் தண்ணீர்தான். வெளியே வரும்போது நூற்றில் மூன்று பங்கு அளவே ஈரம் நிற்க வேண்டும். அதை ஏறக்குறைய 20 நிமிடத்தில் எடுக்கிறோம். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொருவரும் ஒரு முறையாவது டீமேக்கரிடம், தயாரிப்பைக் கவனிக்கும் அதிகாரியிடம், திட்டு வாங்கித்தான் கற்றிருப்போம். இலையின் மேற்புறம் சட்டென்று இறுகி மூடிக்கொள்ளும். உள்ளே அகப்பட்ட ஈரத்துக்கு வெளியே வர வழி இராது. கையில் நொறுக்கிப் பார்த்தால் மொறுமொறுவென்றுதான் இருக்கும். சில நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தால், உள் ஈரம் மெல்லக் கசிந்து எல்லாத் தேயிலையும் நமத்திருக்கும். மணமும் போயிருக்கும்.

உங்கள் பூசணி விதைக்கு நடந்ததும் இதுவே. வெளி ஓடு சிவந்தது, பருப்பு ஈரமாகவே இருந்தது. ஆறி, மூடி போட்டபின் அந்த ஈரம் ஓட்டுக்கு வந்தது. வெளியிலிருந்து ஈரம் புகுந்துவிட்டது என்று எண்ணி இன்னும் இறுக்கமான மூடியைத் தேடியிருப்பீர்கள். அது திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதை.

உலர்த்துவது ஒரு வேலை, வறுப்பது வேறொரு வேலை. முதலாவது ஈரத்தை எடுக்கிறது. இரண்டாவது மணத்தைக் கொண்டுவருகிறது. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ முதல் வேலையை வெயில் தானே செய்துவிடும். அதனால் அங்குள்ளவர்கள் செய்முறை சொல்லும்போது ‘நன்றாகக் காயவைத்து’ என்று இரண்டு சொல்லில் கடந்துபோவார்கள். தமிழ்நாட்டவரும் வட இந்தியரும் அப்படியே. ஹற்றனில் அந்த இரண்டு சொல்லுக்குள் மூன்று நாள் வேலை கிடக்கிறது.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். பூசணியை, சிங்களத்தில் வட்டக்கா என்பதை, வெட்டியதும் நடுவில் உள்ள நாரோடு விதையை வழித்தெடுத்து ஒரு பாத்திரம் தண்ணீரில் போடுங்கள். நார் கீழே போகும், விதை மிதக்கும். அப்போதும் ஒரு வழுவழுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். கல் உப்பு ஒரு பிடி போட்டுப் பிசைந்து கழுவினால் அது கழன்றுவிடும். அந்த வழுவழுப்பு மிஞ்சினால் வறுக்கும்போது முதலில் கருகுவது அதுதான். பூசணிச் சதையை ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். பாகற்காய்போலக் கசந்தால் சதையையும் விதையையும் சேர்த்து எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு எப்போதாவது வருவது, ஆனால் வயிற்றைக் கலக்கிவிடும். எவ்வளவு வறுத்தாலும் போகாது.

ஓட்டோடு வறுக்கும் விதைக்கு உப்பை வெளியே தூவிப் பயன் இல்லை. ஒரு லீட்டர் தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்புப் போட்டு, விதையை அதில் 10 நிமிடம் மெதுவாகக் கொதிக்க விட்டு வடியுங்கள். உப்பு ஓட்டைத் தாண்டிப் பருப்புக்குப் போகும். ஓடும் சற்று இளகிப் பிறகு நன்றாக மொறுக்கும். மெல்லிய ஓடாக இருந்தால் அப்படியே கடித்துத் தின்னலாம். தடித்ததாக இருந்தால் பல்லில் உடைத்துப் பருப்பை எடுத்துத் தின்ன வேண்டியதுதான். பேச்சுத் துணைக்கு அது நல்லது.

இனி உலர்த்தல். இங்கே நீங்கள் எந்தச் சரிவில் இருக்கிறீர்கள் என்பது முக்கியம். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவை நனைக்கிறது. ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலை எல்லாம் அந்தப் பக்கம். அதே மாதங்களில் மலையைத் தாண்டி ஊவாவுக்கு வரும் காற்று ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு வறண்டு வருகிறது. பதுளை, பண்டாரவளைத் தேயிலைக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் விலை ஏறுவதும் அந்தக் காற்றால்தான். உங்கள் பக்கத்து நல்ல தேயிலைக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை: இரவில் குளிர், பகலில் தெளிந்த வெயில். தேயிலைக்கு நல்ல காலமே விதைக்கும் நல்ல காலம். தைப் பொங்கலுக்குப் பூசணி வெட்டாத வீடு குறைவு. அந்த விதையைச் சுளகில் பரப்பி, வெயில் விழும் இடத்தில் மூன்று நாள் வையுங்கள். மாலை நான்கு மணிக்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். மூடுபனி இறங்கியபின் வெளியே கிடக்கும் விதை, பகலில் விட்ட ஈரத்தில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

நீங்கள் செய்து பார்த்தது ஆடி மழையில். அந்தக் காலத்தில் வெயிலை நம்ப முடியாது. விறகடுப்பு இருந்தால் சமையல் முடிந்தபின் தணலுக்கு மேலே, கை வைத்தால் இதமாகச் சுடும் உயரத்தில் சுளகைத் தொங்கவிடுங்கள். புகை வரும் நேரத்தில் வேண்டாம். விதையின் எண்ணெய் புகை வாடையை உடனே பிடித்துக்கொள்ளும். ஓவன் இருந்தால் 60 முதல் 70 பாகை வெப்பத்தில், கதவில் ஒரு கரண்டியைச் செருகிச் சற்றே திறந்து வைத்து, மூன்று நான்கு மணி நேரம். கதவை மூடிவிட்டால் ஈரம் போக இடம் இல்லாமல் விதை அவிந்துபோகும். இரண்டும் இல்லை என்றால் மின்விசிறி. காற்று ஓடினால் போதும், சூடு குறைவாக இருந்தாலும் ஈரம் போகும். வாட்டுத் தொட்டியில் கொழுந்துக்கு நாங்கள் செய்வது அதையேதான்.

காய்ந்ததா என்று பார்ப்பதற்கு ஒரு விதையை எடுத்து வளையுங்கள். வளைந்தால் இன்னும் காயவில்லை. ‘டக்’கென்று முறிந்தால் சரி. சிறு தராசு இருந்தால் இன்னும் நல்லது: இன்றைக்கும் நாளைக்கும் எடை மாறவில்லை என்றால் போக வேண்டிய ஈரம் போய்விட்டது.

வறுப்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் நன்றாகக் காய்ந்த விதை தன்னைத் தானே வறுத்துக்கொள்ளும். ரொட்டி சுடும் தடித்த இரும்புக்கல்லோ அடி கனத்த தாச்சியோ எடுத்துக்கொள்ளுங்கள். தீ சிறிதாக இருக்க வேண்டும். கை ஓயாமல் கிளற வேண்டும். எல்லா விதையையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். நிறையப் பேர் செய்யும் பிழை இது. எள்ளுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். வத்தகப்பழ விதைப் பருப்புக்கு மூன்று நான்கு, ஆளி விதைக்கும் அவ்வளவே. சூரியகாந்திப் பருப்புக்கு ஐந்தாறு, உரித்த பூசணிப் பருப்புக்கு ஆறு முதல் எட்டு நிமிடம். ஓட்டோடு இருக்கும் பூசணி விதை கால் மணி நேரம்கூட எடுக்கும். பூசணிப் பருப்பு உப்பிப் படபடவென்று துள்ளத் தொடங்கும். அந்தச் சத்தம் தணியும்போது இறக்குங்கள். நிறம் முழுதாக வரட்டும் என்று காத்திருந்தால், இறக்கியபின் கல்லின் சூட்டிலேயே கருகிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்துச் சுளகில் கொட்டி, கடைசியில் கலக்க வேண்டும்.

மசாலாவில் உங்கள் பிழை வரிசையில்தான் இருக்கிறது. மிளகாய்த்தூள் ஏற்கனவே காய்ந்து நுணுங்கிய பொருள். எட்டு நிமிடம் சூடான கல்லில் கிடந்தால் கருகாமல் வேறு என்ன செய்யும்? மஞ்சளும் பெருங்காயமும் எண்ணெயில் பொரிய வேண்டியவை, அவை முதலில் போகலாம். உப்பும் புளிப்பும் நடுவில். மிளகாய், மிளகு, சீரகம் மூன்றும் அடுப்பை அணைத்தபின். கல்லின் மிச்சச் சூடே அவற்றுக்குப் போதும். செத்தல் மிளகாயைத் தனியே வாட்டிக் கையால் நொறுக்கிப் போட்டால், கடைத் தூளைவிட மணம் பல மடங்கு. உறைப்புக்கு மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டுவது என் பழக்கம். மாத்தளையிலிருந்து நல்ல மிளகு வரும் நாட்டில் இருந்துகொண்டு அதைத் தொடாமல் இருப்பது எனக்குப் பொறுக்காது.

தூள் ஒட்டாததற்கு எண்ணெயைக் கூட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணெய் காயாது, அதன் மேல் பிடித்த தூள் வழுக்கி விழத்தான் செய்யும். ஒரு கோப்பை விதைக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கு மேல் வேண்டாம். ஒட்டுவதற்குச் சோறு வடித்த கஞ்சி இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி கஞ்சியில் அரைத் தேக்கரண்டி உப்பையும் இரண்டு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றையும் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே வறுத்த விதைகளைக் கலந்து மறுபடி கல்லில் போட்டு, எண்ணெய், மஞ்சள், பெருங்காயத்தைப் பிரட்டியபின் இந்தக் கரைசலைத் தெளித்து விடாமல் கிளறுங்கள். முதலில் சொதசொதவென்று வரும், பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்தில் நீர் வற்றி, ஒவ்வொரு விதையிலும் மெல்லிய வெண்படலம் தெரியும். அடுப்பை அணைத்து, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி வறுத்த நற்சீரகத்தூள், கால் தேக்கரண்டி மிளகாய் நொறுக்கல் தூவிக் குலுக்குங்கள். கறிவேப்பிலையை முன்பே தனியாக மொறுக்க வாட்டி வைத்திருந்தால் அதையும் கசக்கிப் போடலாம். பச்சை இலையை விதையோடு போட்டுவிடாதீர்கள். அதன் ஈரம் நீங்கள் பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கிவிடும்.

அந்தப் பொட்டலத்தின் சுவை எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருப்பீர்கள். அது வட இந்தியச் சாட் மசாலா. மாங்காயைக் காயவைத்து இடித்த ஆம்சூர், கறுப்பு உப்பு, சீரகம், மல்லி, மிளகு, சுக்கு, பெருங்காயம் என்பவை அதன் வழக்கமான கூட்டு. அவித்த முட்டையின் வாடைபோல ஒன்று மூக்கில் ஏறியதென்றால் அது கறுப்பு உப்பின் கந்தகம். மருந்துக் கடைகளில் கிடைக்கும் இந்துப்பு அதுவல்ல. இரண்டையும் ஒன்றென்று விற்பவர்கள் உண்டு. கறுப்பு உப்பு கிடைத்தால் சாதாரண உப்பில் கால் பங்கைக் குறைத்து அதைச் சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் தேசிக்காய், சுக்கு, மிளகு மூன்றும் போதும். சுவை வேறுதான், ஆனால் குறைந்ததல்ல.

வத்தகப்பழ விதைப் பருப்பை வட இந்தியாவில் மகஸ் என்பார்கள். வத்தகை, முலாம்பழம், வெள்ளரி, பூசணி நான்கின் பருப்பும் சேர்ந்தால் சார் மகஸ். இனிப்புகளிலும் குழம்பைத் தடிப்பாக்கவும் போடுவார்கள். நாம் துப்பி எறிவதை அவர்கள் நிறுத்து விற்கிறார்கள். வீட்டில் அந்த ஓட்டை உரிக்க முயலாதீர்கள். நான் ஒரு நாள் முழுக்க இருந்து ஒரு கைப்பிடி சேர்த்தேன், மகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். பொட்டலத்தில் பச்சையாக வரும் பூசணிப் பருப்பும் நம் பூசணியிலிருந்து அப்படியே வருவதில்லை. ஓடே இல்லாமல் விதை பிடிக்கும் பூசணி வகை ஒன்று உண்டு. இல்லையென்றால் இயந்திரத்தில் உரித்தவை. அதே கடை வரிசையில் ‘தாமரை விதை’ என்று வெள்ளையாகப் பொரி போன்ற ஒன்றை விற்பார்கள். அது மக்கானா. பீகாரின் மிதிலைப் பகுதிக் குளங்களில் வளரும் முள் நிறைந்த ஓர் அல்லியினக் கொடியின் விதையை வறுத்து அடித்துப் பொரித்தது. 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தாமரைக்கும் அதற்கும் குளம் ஒன்றாக இருக்கலாம், செடி வேறு.

வட இந்தியாவில் தானியம் வறுப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட பர்பூஞ்சா என்ற சமூகமே இருந்தது. அவர்களுடைய முறை மணல் வறுப்பு. நம் கோவில் திருவிழாக்களில் கச்சான் வறுப்பவர் செய்வதும் அதுவே. சூடேறிய மணல் கடலையை எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்வதால் ஓரிடம் கருகி ஓரிடம் பச்சையாக நிற்பதில்லை. வீட்டில் மணலுக்குப் பதிலாகக் கல் உப்பைப் பயன்படுத்தலாம். தாச்சியில் இரண்டு கோப்பை கல் உப்பைச் சூடாக்கி, காய்ந்த ஓட்டு விதையை அதில் புதைத்துப் புரட்டிச் சல்லடையில் சலித்தெடுங்கள். அந்த உப்பு கறுத்துப்போகும், ஆனால் பத்துத் தடவைக்கு மேல் வரும். உரித்த பருப்புக்கு இந்த முறை வேண்டாம், உப்புக் கரித்துவிடும்.

இனி உடம்பு. பூசணிப் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 30 கிராம் புரதம், 8 முதல் 9 மில்லிகிராம் இரும்பு, 7 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம், 500 மில்லிகிராமுக்கு மேல் மக்னீசியம் இருக்கின்றன. கூடவே ஏறத்தாழப் பாதி எடை கொழுப்பு, 560 கலோரிக்கு மேல். கொழுப்பு நல்ல வகைதான், ஆனால் கலோரி கலோரிதான். ஒரு கைப்பிடி என்பது 30 கிராம், அதில் 170 கலோரி வரும். பிஸ்கட்டுக்கும் பொரித்த ரோல்ஸுக்கும் பதிலாகத் தின்றால் லாபம், அவற்றோடு சேர்த்துத் தின்றால் நட்டம். ஆளி விதையை முழுதாக விழுங்கினால் முழுதாகவே வெளியே போகும். வறுத்தபின் ஒரு சுற்று இடித்துப் போடுங்கள். எள்ளில் கல்சியம் நிறைய என்பது உண்மை. அது பெரும்பாலும் தோலில் இருப்பதும், அதே தோலில் உள்ள ஒக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதும் உண்மை. நீரிழிவைக் குணப்படுத்தும், முடி கொட்டுவதை நிறுத்தும் என்றெல்லாம் பொட்டலத்தில் அச்சடித்திருந்தால், அச்சுக் கூலி அவர்களுடையது என்று விட்டுவிடுங்கள்.

உங்கள் இரும்புக் குறைவுக்கு வருகிறேன். ஒரு கைப்பிடியில் கிடைப்பது இரண்டரை மில்லிகிராம் அளவு. மாதவிடாய்ப் பருவத்துப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. தாவர உணவிலிருந்து வரும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வதோ சிறு பங்குதான். விதையில் உள்ள பைற்றேட் என்ற பொருள் அதையும் குறைக்கும். ஆகவே விதை துணைக்கு இருக்கட்டும், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இனிச் சொல்லப்போவதைத் தேயிலைச் சோறு தின்று வளர்ந்தவன் சொல்லக் கூடாது. தேநீரோடு இதைத் தின்னாதீர்கள். தேயிலையின் துவர்ப்பைத் தரும் பொருட்கள் குடலில் இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். உணவோடு சேர்த்துக் குடித்தால் கிடைக்கவிருந்த இரும்பில் பாதிக்கு மேல் வீணாகலாம். பால் ஊற்றினாலும் அது போய்விடுவதில்லை. பத்து மணிக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் என்று மூன்று நான்கு தலைமுறையாகப் பழகிய நமக்கு இது கசப்பான செய்தி. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்கள் எத்தனை பேர் வெளிறிய நகத்தோடு கொழுந்துக் கூடையைச் சுமந்தார்கள் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அதற்குக் காரணங்கள் பல, வறுமையே முதற்காரணம். ஆனால் சோற்றோடு சேர்த்துக் குடித்த தேத்தண்ணியும் ஒரு பங்கு சேர்த்திருக்கும். விதையை முதலில் தின்றுவிட்டு, ஒரு மணி நேரம் பொறுத்துத் தேநீர் குடியுங்கள். விதையோடு கொய்யாப்பழத் துண்டு ஒன்று இருந்தால் மிக நல்லது, அதன் விற்றமின் சி இரும்பை உள்ளே கொண்டுபோகும். வறுக்கும்போது தெளித்த தேசிக்காயை இதற்குக் கணக்கில் எடுக்காதீர்கள். சூட்டில் அதன் விற்றமின் பெரும்பாலும் அழிந்திருக்கும். அது சுவைக்கு மட்டும். தின்னும் நேரத்தில் புதிதாகப் பிழிந்தால் அது வேறு. கோப்பிக்கும் இதே விதி.

கோப்பி என்றதும் ஒன்று. இந்த மலைகளில் காட்டை வெட்டி நம் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வந்தது முதலில் கோப்பிக்காக. கோப்பி என்பது வறுத்த விதையல்லாமல் வேறென்ன? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டார். 1869இல் இலைநோய் கோப்பியைத் தாக்கத் தொடங்கியது. பிறகுதான் மலை முழுக்கத் தேயிலையானது. விதை வறுப்பில்தான் நம் கதை தொடங்கியது என்று பேத்திக்குச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

சேமிப்பதில் எனக்கு ஒரு சூடு உண்டு. திருவிழா ஒன்றுக்கு ஐந்து கிலோ வறுத்தேன். நேரம் போய்விட்டது என்று வெதுவெதுப்போடு பொலித்தீன் பைகளில் கட்டிவிட்டேன். ட்ரையரிலிருந்து வந்த தேயிலையை ஆறவிடாமல் ஒரு நாளும் பெட்டியில் போட்டிராத மனிதன்! மறுநாள் பையின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. நான்காம் நாள் சிலவற்றில் சாம்பல் நிறப் பூஞ்சணம். முழுவதையும் புதைத்தேன். பூஞ்சணம் பிடித்த விதையையும் கச்சானையும் துடைத்தோ மறுபடி வறுத்தோ தின்னக் கூடாது. சில பூஞ்சணங்கள் விடும் அஃப்ளடொக்சின் நஞ்சு வறுக்கும் சூட்டில் முழுதாக அழியாது, அது ஈரலைக் கெடுக்கும். ஆகவே சுளகில் பரப்பி, அடியில் கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். பிறகு தகர டின்னிலோ கண்ணாடிப் போத்தலிலோ போடுங்கள். வெறும் அரிசி ஒரு பிடியைச் சிவக்க வறுத்து, ஆறியபின் துணியில் முடிந்து உள்ளே வைத்தால் திறந்து மூடும்போது நுழையும் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். ஒரு பெரிய போத்தலைத் தினமும் திறப்பதைவிட, சிறு போத்தல்கள் நான்கு நல்லவை. இரண்டு மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆளி விதை கலந்திருந்தால் இன்னும் விரைவாக. பழைய எண்ணெய் வாடை வந்தால் காக்கைக்கும் போடாதீர்கள். சற்றே நமத்திருந்தால் மட்டும் கல்லில் சிறுதீயில் மூன்று நிமிடம் பிரட்டினால் மீண்டுவிடும்.

விதை என்று கடைக்குப் போகாமல் கிடைப்பது பலாக்கொட்டை. கண்டி, மாத்தளை, பதுளைப் பக்கம் சீசனில் கொட்டிக் கிடக்கும். பச்சையாகத் தின்னக் கூடாது. முதலில் அவித்து, உரித்து, நீளவாக்கில் கீறி, இதே மிளகு உப்பில் வாட்டுங்கள். சிறு வயதில் லயத்து அடுப்பில் கீறாமல் ஒன்றைத் தணலுக்குள் போட்டேன். அது வெடித்துச் சாம்பல் முழுக்க அம்மாவின் குழம்புச் சட்டியில் விழுந்தது. அடி வாங்கியது எனக்கு மறக்கவில்லை. கொண்டைக்கடலைக்கும் அவித்த பின்பே வறுப்பு. ஆனால் நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும்; உங்கள் ஹற்றனில் 96 அளவில். கீழ்நாட்டுச் செய்முறையில் சொன்ன நேரம் நமக்குப் போதாது. இரவு முழுக்க ஊறவைத்து பிரஷர் குக்கரில் போடுங்கள். அவிந்த கடலையைத் துணியில் துடைத்து, மேலே சொன்னபடி உலர்த்திவிட்டே வறுக்க வேண்டும்.

நீங்கள் கற்பிப்பவர் என்பதால் ஒன்று. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், உறைப்பைக் குறையுங்கள். பிள்ளைக்காம்பராவில், தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், விடும் வயதுச் சிறுவர்களுக்கு, ஐந்து வயதுக்குக் கீழே, முழு விதையோ கச்சானோ கொடுக்கவே கூடாது. மூச்சுக் குழாயில் போய்விடும். அவர்களுக்கு எள்ளையும் பூசணிப் பருப்பையும் நன்றாக மாவாக இடித்து, சிறிது கித்துள் பாணியில், அதாவது கித்துள் பாகில், குழைத்து ரொட்டியில் தடவிக் கொடுங்கள்.

மழை விடும் வரையில் பூசணி விதையோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடையில் உரித்த பருப்பை, மசாலா போடாததாக, 250 கிராம் வாங்கிக் கஞ்சி முறையை மட்டும் பழகுங்கள். அதில் உலர்த்தும் வேலை அனேகமாக முடிந்தே வருகிறது. வாங்கும்போது ஒன்றைக் கடித்துப் பாருங்கள், காறினால் வேண்டாம். தைப் பொங்கலுக்குப் பூசணி வெட்டும்போது விதையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெயில் மூன்று நாள் விழுந்தபின் ஒன்றை வளைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், முறிந்ததா வளைந்ததா என்று.